கோபாலுக்கு ஒரு கல்லறைக் கல்: நிரல்மொழி ஏளனங்களின் பின்கதை

கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. உச்சியில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிறது. அதன் கீழே ஐந்தே ஆங்கில எழுத்துகளில் ‘கோபால்’ என்று வெட்டப்பட்டிருக்கிறது. எந்த நிறுவனத்தின் கணினியிலும் ஓடக்கூடிய வணிக நிரல்மொழி ஒன்றை உருவாக்குவதற்காக, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் 1959இல் ஒரு குழு கூடியது. கூட்டத்தின்மேல் கூட்டமாக நடந்துகொண்டிருந்ததே தவிர வேலை நகரவில்லை என்று சலித்துப்போன ஹோவர்ட் புரோம்பெர்க் என்னும் ஆர்சிஏ நிறுவனத்துக்காரர், இன்னும் பிறந்தே முடியாத கோபால் என்னும் அந்த மொழிக்குக் கல்லறைக் கல் ஒன்றை விலைக்கு வாங்கி, பெயர் வெட்டுவித்து, பாதுகாப்புத் துறையில் அந்த முயற்சிக்குத் தலைமை வகித்த சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். இது என்ன பெயர் என்று கல் விற்றவர் கேட்டபோது, போலந்துப் பெயர், தேவையில்லாத குறியீடுகளையெல்லாம் நீக்கிச் சுருக்கிவிட்டோம் என்று அவர் சமாளித்ததாகச் சொல்வார்கள். (தமிழ்நாட்டுக் கல்தச்சர் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். தமிழில் எழுதிவிட்டால் அந்த மொழி நம் அடுத்த வீட்டுக்காரரின் பெயராகிவிடுகிறது.)

1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல், சிறு மாற்றங்களோடு, இரண்டு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது. அவற்றுள் ஒன்று புரோம்பெர்க்கின் சொந்த நிறுவனமான ஆர்சிஏயின் கணினி. அதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் யாராவது முன்வந்து உதவவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். கல்லறை கட்டியவர்களைவிடக் கல்லறைக்குரியது நீண்டநாள் வாழ்ந்தது.

தச்சரும் கொல்லரும் தம் கருவிகளைத் திட்டுவதுண்டு; ஆனால் நிரல் எழுதுபவர்களைப்போல அதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள் வேறு தொழிலில் இல்லை. இந்த ஏளனத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, மோசமான கருவியைப் பற்றிய நியாயமான குறைகூறல் என்றே தோன்றும். உள்ளே பார்த்தால் இரண்டு வேறு சரக்குகள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, எப்போதோ எடுக்கப்பட்டு, இன்று எவராலும் திருத்தமுடியாமல் போய்விட்ட முடிவுகளைப் பற்றிய தொழில் அறிவு. மற்றொன்று, அந்த மொழியில் எழுதும் மனிதர்களைப் பற்றிய இளக்காரம். முதலாவது இல்லாமல் தொழில் நினைவு நிலைக்காது. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதின் வேடத்தில்தான் வருகிறது.

முதலாவதற்கு மிகச் சுருக்கமான எடுத்துக்காட்டு ‘மேக்’ என்னும் கருவி. பெரிய நிரலொன்றின் எந்தப் பகுதி மாறியிருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் மறுபடி தொகுத்துத் தருவதற்காக, பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் அதை எழுதினார். அதன் கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் விசையால் இட்ட வெற்றிடத்தோடு தொடங்கவேண்டும். இடைவெளி விசையை எட்டு முறை தட்டினால் அது ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கருவிக்கு மட்டும் வேறு. இந்த ஒரு விதியில் தடுக்கி விழுந்து அரை நாளைத் தொலைக்காத, யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் பழகிய மாணவர் அரிது. ஃபெல்ட்மன் அதைப் பின்னர் ஏன் மாற்றவில்லை என்பதற்கு அவரே விளக்கம் தந்திருக்கிறார். எழுதிய சில வாரங்களுக்குள் அந்தக் கருவியை ஏறத்தாழ 12 பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய கோப்புகளைக் குலைக்க அவருக்கு மனம் வரவில்லை. 12 பேருக்குக் காட்டிய அந்தத் தாட்சண்யத்துக்கு உலகம் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. ஏளனத்துக்கு ஆளான மொழிக் குறைகளில் பெரும்பாலானவற்றின் பிறப்பு வரலாறு இதே வார்ப்பில்தான் இருக்கும்: அவசரத்தில் எடுத்த முடிவு, எதிர்பாராமல் சேர்ந்துவிட்ட பயனர்கள், அவர்களுக்காகத் திருத்தாமல் விட்டது.

இன்று மிக அதிகமாகக் கேலிக்கு உள்ளாகும் ஜாவாஸ்கிரிப்ட், அந்த வார்ப்பின் பெரிய அச்சு. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தை 1995 மே மாதத்தில் 10 நாட்களில் எழுதினார். தோற்றத்தில் அது ஜாவாவைப்போல இருக்கவேண்டும் என்பது மேலிடத்தின் ஆணை. ஜாவா தொழில்முறை நிரலாளர்களுக்கு, இந்தச் சிறுமொழி வலைப்பக்கம் அமைக்கும் கற்றுக்குட்டிகளுக்கு என்பது அவர்கள் போட்ட பங்கீடு. கற்றுக்குட்டியின் பக்கம் சிறு பிழையால் வெற்றாகிவிடக் கூடாது என்பதால், எண்ணையும் எழுத்துச் சரத்தையும் (எழுத்துகளைக் கோத்த மதிப்பையும்) ஒப்பிட்டாலோ கூட்டினாலோ மொழி பிழை சொல்லி நிற்காமல், தானாகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. வலைப்படிவத்தில் பயனர் தட்டும் எண்கூடச் சரமாகத்தான் வந்துசேரும் என்பதை நினைத்தால், இந்த இளக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. விளைவு என்னவென்றால், சரமாக எழுதிய ‘11’ என்பதோடு 1ஐக் கூட்டினால் 111 வரும். அதிலிருந்து 1ஐக் கழித்தால் 10 வரும். கூட்டல் குறிக்குச் சரங்களை ஒட்டும் வேலையும் உண்டு, கழித்தல் குறிக்கு அது இல்லை என்பதே காரணம்.

2012இல் கேரி பெர்ன்ஹார்ட் என்பவர் ஒரு மாநாட்டில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகப் பேசிய பேச்சொன்று இந்த வகைக் கேலியின் உச்சம். அணி என்பது மதிப்புகளின் வரிசை, பொருள் (ஆப்ஜெக்ட்) என்பது பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு. வெற்று அணியோடு வெற்று அணியைக் கூட்டினால் வெற்றுச் சரம் வருகிறது. வெற்று அணியோடு வெற்றுப் பொருளைக் கூட்டினால் ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்று சதுர அடைப்புக்குள் ஒரு சரம் வருகிறது. வரிசையை மாற்றிப் பொருளை முன்னால் வைத்தால் பூச்சியம் வருகிறது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. ஆனால் இம்மூன்றில் எதுவும் தற்செயல் அல்ல. கூட்டல் குறிக்கு எண்ணும் சரமும் மட்டுமே தெரியும் என்பதால், அணியும் பொருளும் முதலில் சரமாக்கப்படுகின்றன; வெற்று அணி வெற்றுச் சரமாகிறது, பொருள் தன் வகைப்பெயரைச் சொல்கிறது. வரியின் தொடக்கத்தில் நெளிவு அடைப்பு வந்தாலோ, மொழி அதைப் பொருள் என்று கொள்ளாமல் ஒன்றுமில்லாத கட்டளைத் தொகுதி என்று தாண்டிச் செல்கிறது. எஞ்சியிருப்பது வெற்று அணியின் முன் நிற்கும் ஒரு கூட்டல் குறி, அது அணியை எண்ணாக்கிப் பூச்சியம் தருகிறது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த விளக்கம் தெரிந்திருந்ததோ, தெரிந்தவருக்கு அந்த நகைச்சுவை ஒரு பாடமாகவே இருந்திருக்கும்.

எல்லாச் சிரிப்பும் இப்படி உரிய இடத்தில் விழுவதில்லை. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3க்குச் சற்றே மேலான ஓர் எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் தருகிறது என்பது ஓயாமல் சுற்றிவரும் கேலி. அது அந்த மொழியின் குறையே அல்ல. மூன்றில் ஒரு பங்கைப் பதின்மத்தில் எழுதி முடிக்கமுடியாததுபோல, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதி முடிக்கமுடியாது. பின்ன எண்களைக் கையாள 1985இல் தரப்படுத்தப்பட்ட அதே மிதவைப்புள்ளி முறையைப் பின்பற்றும் பைத்தானும் ஜாவாவும் சி மொழியும் அதே கணக்கைத்தான் போடுகின்றன. ஊரில் திருட்டு என்றால் உடனே நினைவுக்கு வரும் ஆள் ஒருவர் இருப்பதுபோல, கணக்குப் பிழை என்றால் ஜாவாஸ்கிரிப்ட் என்று ஆகிவிட்டது.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ என்ற மதிப்பின் வகை என்ன என்று கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று அந்த மொழி பதில் சொல்கிறது. முதல் வடிவத்தில் ஒவ்வொரு மதிப்பின் கடைசிச் சில பிட்டுகளில் வகை அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. பொருளுக்குரிய அடையாளம் பூச்சியம். ‘நல்’ என்பதோ எல்லாமே பூச்சியமான முகவரி. ஆக, வகையைச் சோதித்த நிரல் அதைப் பொருள் என்றே எடுத்துக்கொண்டது. இதைத் திருத்தலாம் என்ற முன்மொழிவு, மொழியின் தரத்தை வகுக்கும் குழுவின் முன் பின்னாளில் வந்தது. திருத்தினால் ஏற்கெனவே இயங்கும் தளங்கள் உடையும் என்று கைவிடப்பட்டது. 2018இல் இதைவிட வேடிக்கையான ஒன்று நடந்தது. அடுக்கடுக்கான அணிகளைத் தட்டையாக்கும் செயற்கூறுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுக்கு) ‘ஃபிளாட்டன்’ என்று பெயர் வைக்க நினைத்தபோது, ‘மூடூல்ஸ்’ என்னும் பழைய நிரலகம் (பலரும் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) அதே பெயரை முன்பே தன் போக்கில் பயன்படுத்தியிருந்ததால், அதை நம்பிய தளங்கள் குலையும் என்று தெரிய வந்தது. நசுக்கு என்று பொருள்படும் ‘ஸ்மூஷ்’ என்று வைத்துவிடலாமே என ஒருவர் விளையாட்டாக முன்மொழிய, அதை மெய்யென்று நம்பிப் பலர் கொதித்தார்கள். இறுதியில் ‘ஃபிளாட்’ என்று முடிந்தது. மறந்துபோன நிரலகம் ஒன்றுக்காக உலகப் பொதுமொழி தன் சொல்லை மாற்றிக்கொள்கிறது என்றால், கேலி செய்பவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

பிஎச்பி மொழியின் கதையும் இதற்குப் பக்கத்து வீடுதான். ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த வலைப்பக்கத்துக்காக 1994இல் எழுதத் தொடங்கிய கருவிகள் அவை. மொழி ஒன்றைப் படைக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அதன் செயற்கூறுப் பெயர்களில் சிலவற்றில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு உண்டு, சிலவற்றில் இல்லை. ஒரு தேடல் செயற்கூறில் தேடவேண்டியது முதலில் வரும், இன்னொன்றில் தேடப்படும் இடம் முதலில் வரும். இந்தக் குழப்பத்துக்கு லெர்டார்ஃப் 2013இல் தந்த விளக்கம், கேலிக்காரர்கள் கற்பனை செய்ததைவிட விநோதமானது. தொடக்கக் காலத்தில் செயற்கூறுகள் நூற்றுக்கும் குறைவாக இருந்தபோது, அவற்றைத் தேடியெடுப்பதற்கான அட்டவணை, பெயரில் எத்தனை எழுத்து என்பதை மட்டுமே வைத்து அடுக்கப்பட்டிருந்தது. ஒரே நீளத்தில் பல பெயர்கள் குவிந்தால் தேடல் மெதுவாகும் என்பதால், பெயர்களின் நீளம் பரவலாக இருக்கும்படி பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். பொருளுக்காக அன்றி நீளத்துக்காக வைத்த பெயர்கள், பின்னர் கோடிக்கணக்கான வலைப்பக்கங்களில் நிலைத்துவிட்டன.

அந்த மொழியின் உள்ளியக்கத்தைத் திருத்தி எழுதிய ஆண்டி கட்மன்ஸும் ஸீவ் சுராஸ்கியும் இஸ்ரேலின் ஹைஃபாவில் படித்தவர்கள். இரட்டை முக்காற்புள்ளிக் குறிக்கு உள்ளே ஒரு பெயர் தேவைப்பட்டபோது, ‘பாமாயிம் நெகுடோதாயிம்’ என்று ஹீப்ரு மொழியில் வைத்துவிட்டார்கள். அந்தக் குறியைத் தவறான இடத்தில் இட்ட உலகத்து நிரலாளர் அனைவருக்கும், எதிர்பாராத பாமாயிம் நெகுடோதாயிம் என்ற பிழைச்செய்தி பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. இதைக் குறை என்று பட்டியலிட்டவர்கள் உண்டு. எனக்கு இது ஏளனத்துக்குரியதாகப் படவில்லை. ஆங்கிலம் அறியாத கோடிப் பேருக்கு மற்றப் பிழைச்செய்திகள் எல்லாமே பாமாயிம் நெகுடோதாயிமாகத்தான் இருந்துவந்திருக்கின்றன. அந்த ஒரு வரியில் மட்டும் ஆங்கிலம் அறிந்தவரும் அந்த வரிசையில் வந்து நின்றார்.

தமிழில் நிரல் எழுதிப் பார்த்தவர்களுக்கும் சொந்தமான ஒரு வேடிக்கை உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பிஎச்பியின் பழைய நீள அளவியைக் கேட்டால் 15 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது. ஸ்விஃப்ட் மொழி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணுவதுபோல, 3 என்கிறது. மூன்றும் பொய்யல்ல. முதலாவது பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட்டுகள். இரண்டாவது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மூன்றாவதுதான் எழுத்தை எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சரத்தைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முதலில் தனியாக வந்து நிற்கும். தமிழ் மாணவர் ஒருவர் அதைக் கண்டு சிரிப்பதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் 1990களில் மொழி வடித்தவர்கள் எழுத்து என்பதை எவருடைய நெடுங்கணக்கை மனத்தில் வைத்து வரையறுத்தார்கள் என்று அந்தச் சிரிப்பு காட்டிவிடுகிறது.

இனி இரண்டாவது சரக்கு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர், கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதை 1972இல் பெற்றவர். 1975 ஜூன் மாதத்தில் அவர் எழுதிய சில பக்கக் குறிப்பொன்று, நிரல்மொழி வசவுகளுக்கு இன்றும் ஊற்றுக்கண். ஃபோர்ட்ரானைக் குழந்தைப்பருவக் கோளாறு என்றும், பிஎல்/1 மொழியை உயிர்கொல்லி நோய் என்றும், ஏபிஎல் மொழியைக் கச்சிதமாக நிறைவேற்றப்பட்ட தவறு என்றும் அதில் எழுதினார். கோபால் மூளையை முடமாக்கும், ஆகவே அதைக் கற்பிப்பதைக் குற்றமாகக் கருதவேண்டும் என்றார். பேசிக் மொழியை முன்பே கற்றுவிட்ட மாணவர்கள், இனி மீளவே முடியாதபடி மனம் சிதைக்கப்பட்டவர்கள் என்றார். வாக்கியங்கள் கூர்மையானவை, மேற்கோள் காட்டப்பட்டே வாழ்பவை. கடைசி இரண்டும் எதைத் தாக்குகின்றன என்று பார்க்கவேண்டும். அவை மொழியை விட்டுவிட்டு, அதைக் கற்றவரின் மூளையைத் தாக்குகின்றன.

பேசிக், 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் குர்ட்ஸும் அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொடவேண்டும் என்பதற்காகவே அமைத்த மொழி. கோபால், வணிகக் கணக்கு எழுதுபவர்கள் படித்துப் புரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக ஆங்கில வாக்கியம்போல அமைக்கப்பட்டது. கணிதத் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்காகத் திறக்கப்பட்ட வாசல்கள் இவ்விரண்டும். கடுமையான வசவு விழுந்ததும் இவ்விரண்டின்மேல்தான். டைக்ஸ்ட்ரா எழுதிய அதே 1975இல் ஆல்டெய்ர் என்னும் சிறு கணினிக்குப் பேசிக் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் வீட்டுக் கணினி வாங்கிய சிறுவர் தலைமுறையே அதில்தான் எழுதப் பழகியது. பின்னாளில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவர்களில் ஒருவர். பின்லாந்தில் தாத்தாவின் கொமடோர் விக்-20 கணினியில் தொடங்கியவர். மீளமுடியாதபடி சிதைந்த மனங்களின் பட்டியலில் அவரும் இருந்தாகவேண்டும்.

அந்த டோர்வால்ட்ஸே 2007இல், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியை ஏன் சி++ மொழியில் எழுதவில்லை என்ற பேச்சு எழுந்தபோது, சி++ கொடுமையான மொழி என்றும், தரம் குறைந்த நிரலாளர் பலர் அதைப் பயன்படுத்துவதால் அதன் கொடுமை இன்னும் கூடுகிறது என்றும் எழுதினார். சி மொழியைத் தேர்வதற்கு அந்த ஆட்களை உள்ளே விடாமல் வைப்பது ஒன்றே போதுமான காரணம் என்ற அளவுக்கு அந்த வாதம் நீண்டது. மேலே இருப்பவர் கீழே பார்க்கிறார். கீழே இருந்தவர் மேலே வந்தபின் அவரும் கீழே பார்க்கிறார். நம் ஊரில் இந்தப் படிக்கட்டை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் இந்தப் படிக்கட்டு வாழ்வாதாரமாகவே அமைந்த ஒரு காலம் உண்டு. துளையட்டையின் 80 நெடுவரிசைகளில் இடம் மிச்சம்பிடிப்பதற்காக ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் பழக்கம் கோபால் நிரல்களில் ஊறிப்போயிருந்தது. 2000 பிறந்தால் அது 1900 என்று கொள்ளப்படும் என்ற அச்சத்தில், மேலை நாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தம் பழைய நிரல்களை வரிவரியாகப் பார்த்துத் திருத்தவேண்டியிருந்தது. அங்கே எவரும் விரும்பிச் செய்யாத அந்த வேலையின் பெரும்பகுதி இந்திய நிறுவனங்களுக்கு வந்தது. கற்பித்தால் குற்றம் என்று சொல்லப்பட்ட மொழியைப் பயிற்சி நிலையங்களில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டு, அமெரிக்கா சென்று வந்து, ஊரில் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கோபாலைப் பற்றிய நகைச்சுவை எடுபடாது. எடுபட்டாலும் வேறு விதமாக எடுபடும்.

எக்செல் தாள்களுக்குள் எழுதப்படும் விபிஏ மொழியின் நிலையும் இதுவே. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் நிரலாளரிடையே ஆண்டுதோறும் எடுக்கும் கணிப்பில், 2019இலும் 2020இலும் மிகவும் வெறுக்கப்பட்ட மொழி அதுதான். அந்தக் கணிப்பில் வெறுப்பு என்பதற்குப் பொருள், இப்போது பயன்படுத்துகிறார், இனித் தொடர விரும்பவில்லை என்பது மட்டுமே. அலுவலகக் கணக்கர் ஒருவர் தம் வேலையைச் சுருக்கிக்கொள்ள எழுதி, பின்பு ஓய்வுபெற்றுப் போய்விட்ட நிரலைக் கட்டிக் காக்கும்படி பணிக்கப்பட்டவர் வேறு எப்படிப் பதில் சொல்வார்? அந்த நிரலால் பத்தாண்டுகள் மாலை ஆறு மணிக்கு வீடு போன கணக்கரை எவரும் கணிப்பில் கேட்பதில்லை.

ஏளனத்தின் எடை, குறையின் எடைக்கு ஏற்ப அமைவதில்லை என்பதற்கு சி மொழியே சான்று. அதன் நூலகத்தில் ‘கெட்ஸ்’ என்றொரு செயற்கூறு இருந்தது. உள்ளீட்டு வரியை நினைவகத்தில் வாங்கி வைக்கும், ஒதுக்கிய இடம் எவ்வளவு என்று கேட்கவே கேட்காது. 1988 நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்க மாணவர் ஒருவர் இணையத்தில் விட்ட புழுநிரல், பயனர் விவரம் சொல்லும் ‘ஃபிங்கர்’ சேவையில் இருந்த இந்த ஓட்டையைத் தன் வழிகளுள் ஒன்றாக்கி, அன்றைய இணையக் கணினிகளில் ஆயிரக்கணக்கானவற்றை முடக்கியது. அந்தச் செயற்கூறு சி தரத்திலிருந்து நீக்கப்பட்டது 2011இல். ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் படிக்கும் அதே இனத்துப் பிழைதான் 2014இல், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் வெளிப்பட்டு, உலகத்தின் கடவுச்சொற்களையெல்லாம் மாற்றச் சொல்ல வைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் சி மொழியைப் பற்றிய நகைச்சுவைகளில் ஒரு மரியாதை இருக்கும். சி மொழியில் சொந்தக் காலில் சுட்டுக்கொள்வது எளிது. சி++ மொழியில் அது கடினம், ஆனால் சுட்டுக்கொண்டால் கால் முழுதும் போகும் என்று சி++ மொழியைப் படைத்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்பே சொன்னார். வீரனுக்குத் தழும்பு அழகு என்ற தொனி அதில் இருக்கிறது. பிஎச்பிக்காரரின் தழும்பை எவரும் அப்படிப் பார்ப்பதில்லை. குறைசொல்லப்படும் மொழிகள், எவரும் பயன்படுத்தாத மொழிகள் என்று மொழிகளில் இரண்டு வகையே உண்டு என்பதும் அவர் சொன்னதாகவே வழங்குகிறது. தம் மொழிக்கு அதைவிடச் சாதகமான வகைப்பாட்டை ஒருவர் செய்துகொள்ளமுடியாது.

ஏளனம் ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ‘கோடூ’ (அங்கே போ) கட்டளை காட்டுகிறது. நிரலின் ஓட்டத்தை எங்கிருந்தும் எங்கும் தாவச் செய்யும் அந்தக் கட்டளை கெடுதல் என்று டைக்ஸ்ட்ரா 1968 மார்ச்சில் எழுதிய கடிதத்துக்கு, ‘தீங்கானதாகக் கருதப்படுகிறது’ என்ற புகழ்பெற்ற தலைப்பை இட்டவர் இதழாசிரியர் நிக்லாஸ் விர்த். ஐந்தாண்டு கழித்து டேட்டாமேஷன் இதழில் லாரன்ஸ் கிளார்க், போ என்பதுதானே தொல்லை, அதற்குப் பதிலாக ‘வா’ என்று வைத்துக்கொள்ளலாம் என்று முகத்தில் சிரிப்பே காட்டாமல் ஒரு கட்டுரை எழுதினார். 1987இல் அந்தத் தலைப்புக்கு மறுப்பாக, ‘தீங்கானதாகக் கருதுவது தீங்கானதாகக் கருதப்படுகிறது’ என்று ஒரு கடிதம் வந்தது; அதற்கு மறுப்பாக, அதே சொற்றொடர் மூன்று அடுக்காக இன்னொன்று வந்தது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் கருவிகளில் பாதுகாப்புச் சான்றுகளைச் சரிபார்க்கும் நிரலில் ‘கோடூ ஃபெயில்’ என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இடம்பெற்று, சோதனையின் முக்கியப் பகுதியே தாண்டிச் செல்லப்பட்டது தெரிய வந்தது. பார்த்தீர்களா என்று எல்லோரும் டைக்ஸ்ட்ராவை மேற்கோள் காட்டினார்கள். உண்மையில் அங்கே குற்றவாளி கோடூ அல்ல. நெளிவு அடைப்பு இடாத நிபந்தனையும், இரட்டித்த வரியும், அதைக் கண்டுபிடிக்காத சோதனையும்தான். அந்த வரியில் கோடூவுக்குப் பதில் வேறு எந்த வெளியேறும் கட்டளை இருந்திருந்தாலும் அதே கதிதான். ஆனால் ஏறக்குறைய ஐம்பதாண்டுக் கேலி, பார்வையை வேறு எங்கும் போகவிடவில்லை.

அன்பினால் எழும் ஏளனமும் உண்டு. அதன் அடையாளம், கேலி செய்பவர் அதற்காக உழைத்திருப்பார் என்பது. 1972இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் டான் வுட்ஸும் ஜேம்ஸ் லயனும் எழுதிய ‘இன்டர்கால்’ என்னும் கேலி மொழியில், கட்டளைகளுக்கு முன்னால் அவ்வப்போது தயவுசெய்து என்று போடவேண்டும். குறைவாகப் போட்டால் மரியாதை போதவில்லை என்றும், அளவுமீறிப் போட்டால் குழைகிறாய் என்றும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் தொகுப்பி அதைத் தள்ளிவிடும். பயனரின் கட்டளைகளை வாங்கி இயக்கும் யுனிக்ஸ் ‘ஷெல்’லை ஸ்டீவ் போர்ன் எழுதியபோது, சி மொழியை அல்கால் 68 என்னும் மொழியைப் போலத் தோன்றச் செய்யும் மாற்றுப் பெயர்களை வைத்து எழுதியிருந்தார், அந்த நிரலைப் படித்து மலைத்துப்போன இருவர், 1984இல் யார் அதிகம் புரியாதபடி எழுதுகிறார் என்று சி மொழியில் ஒரு போட்டியே தொடங்கினார்கள். 2019இல், சுவரில் தெறித்த வண்ணப்பூச்சின் படங்களை எழுத்துணரிக்குக் கொடுத்து, வந்த குப்பை எழுத்துகளில் 93 சதவீதம் முறையான பெர்ல் மொழி நிரல்கள் என்று ஒரு விளையாட்டு ஆய்வுக்கட்டுரை வெளியானது. இதற்கும் உள்ளே ஒரு காரணம் இருக்கிறது: கட்டுப்பாட்டை இயக்காத பெர்ல், தனக்குத் தெரியாத வெற்றுச் சொல்லைச் சரம் என்று எண்ணி ஏற்றுக்கொள்ளும்.

மோசமான நிரலைப் பற்றிய கேலி, மொழியைப் பற்றிய கேலியைவிட நேர்மையானது. பெரும்பாலும் அது எழுதியவரையே வந்தடையும். ஒரு வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளைக்குக் கிட் கருவியில் ‘பிளேம்’, அதாவது பழி, என்று பெயர். அதற்கு முந்திய சப்வெர்ஷன் கருவியில் அதே கட்டளைக்குப் ‘பிரெய்ஸ்’, அதாவது பாராட்டு, என்று மாற்றுப் பெயரும் உண்டு. அதை எவரும் தட்டி நான் பார்த்ததில்லை. இந்தக் குப்பையை எழுதியவன் எவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கட்டளையை இட்டு, திரையில் என் பெயரையே கண்ட அனுபவம் எனக்கு ஒரு முறைக்கு மேல் நேர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முந்திய நான், இன்றைய எனக்கு எந்த விளக்கக் குறிப்பும் விட்டுவைத்திருக்கவில்லை.

விளக்கக் குறிப்புகளில் மிகப் புகழ்பெற்றது, 1975இல் வெளியான ஆறாம் பதிப்பு யுனிக்ஸின் கருவில் இருக்கிறது. ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்குக் கணினி மாறும் இடத்தில், சில வரி விளக்கத்துக்குப் பின், இதை நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருக்கும். ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் அந்த நிரல் முழுவதற்கும் எழுதிய உரையின் வழியே அது மாணவர்களிடம் பரவியது. மேதைகளின் திமிர் என்று சிலரும், யுனிக்ஸ் குறிப்புகளின் தரம் அவ்வளவுதான் என்று சிலரும் அதை வைத்துச் சிரித்தார்கள். சட்டையில் அச்சிட்டும் அணிந்தார்கள். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னர் அதற்கு விளக்கம் எழுதினார். சவால் விடுவது நோக்கமல்ல, இது தேர்வில் வராது என்று ஆசிரியர் சொல்வாரே, அந்தப் பொருளில் எழுதியதுதான் என்றார். அதோடு நிறுத்தவில்லை. அந்த இடத்தில் செய்திருந்த உத்தி அடிப்படையிலேயே பிழையானது. ஒரு செயற்கூறு சேமித்த நிலையிலிருந்து வேறொரு செயற்கூறு திரும்பும்படி அது அமைந்திருந்தது. பிடிபி-11 கணினியின் தொகுப்பி எல்லாச் செயற்கூறுகளையும் ஒரே விதமாகத் தொகுத்ததால்தான் அது அங்கே ஓடியது. யுனிக்ஸை இன்டர்டேட்டா கணினிக்குக் கொண்டுபோனபோது உத்தி குலைந்தது, மாற்றி எழுதவேண்டி வந்தது. உண்மையான சிக்கல் என்னவென்றால், அங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்கும் புரிந்திருக்கவில்லை என்று ரிட்சி எழுதியிருக்கிறார்.